காலை வாரிய கார்

இஷ்பெல் கால் மணி நேரமாகக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மல்லுக்கட்டினாள். மூக்கு நுனிவரை கரி. புதுத் தொப்பியும் கையுறையுமாக உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா ரோனா, பின்சீட்டில் ஏற்றியிருந்த பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை போடுக்கா!"

ரோனா ஸ்டார்ட்டர் குமிழைப் பிடித்து இழுத்தாள். கார் கர்ரென்று முனகியதே தவிர, கிளம்புகிற வழியாக இல்லை.

"மணி பதினொண்ணு ஆகுதுடி. பன்னெண்டு மணி ரயிலை விட்டா ராத்திரிக் கப்பல் போச்சு. கப்பல் போச்சுன்னா திங்கக்கிழமை கடல் தாண்டி வெலிங்டன்ல எப்படிப் போய் நிக்கிறது?"

திங்கட்கிழமை நர்ஸ் பயிற்சி ஆரம்பம். அன்றைக்கு வராதவளின் இடம் அடுத்தவளுக்கு என்று கடிதத்திலேயே கறாராக எழுதியிருந்தார்கள். கால்நடைக் கண்காட்சி நாள் என்பதால், உதவிக்குக் கூப்பிட அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் ஒரு ஈ காக்கை இல்லை.

இஷ்பெல் கம்பி முறுக்கும் குறட்டைத் தேடினாள். எப்போதும் இருக்கும் பையில் இல்லை. கோழித் தீவன வாளிக்குள் கிடந்தது. தன் மறதியைத் தானே திட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

"இந்தக் காரை நம்பிப் பயணம் வச்சோம் பாரு, நம்மளைச் சொல்லணும்" என்றாள் ரோனா.

அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய முதல் கார் அது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, நாலு கை மாறி, இவர்கள் தலையில் விழுந்தது. இஷ்பெலுக்கு மெக்கானிக் வேலை கற்றுக்கொடுத்த புண்ணியம் அதையே சேரும். ஃபேன் பெல்ட் அறுந்தால் நைலான் காலுறையைக் கட்டு, மழையில் நனைந்து நின்றால் பிளக்கைக் கழற்றி அடுப்பில் காயவை, என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் தூங்கினால் ஷூ குதிகாலால் ஒரு போடு போடு. இந்தக் கார் நின்றால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், ஓடினால்தான் கேட்பார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் இஷ்பெல் விடிந்ததும் விடியாததுமாக அந்தக் காரியத்தைச் செய்திருந்தாள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டார், கட்டைவிரல் நுனியளவு துண்டு, அவளுடைய மேலங்கிப் பையில் பத்திரமாகக் கிடந்தது.

இத்தனைக்கும் விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டியவளே அவள்தான். "நான் தனியாப் பாத்துக்குவேன், நீ போய் உன் வாழ்க்கையைப் பாரு" என்று ஆறு மாதமாக அக்காவின் உயிரை எடுத்தவளும் அவள்தான். அப்பா அம்மா போய்விட்ட வீட்டில் நாளை முதல் ஒற்றைத் தட்டு என்ற நினைப்பு இன்று காலையில் நெஞ்சை அடைத்தது. அவ்வளவுதான், புத்தி கெட்டுப்போனது.

ரோனா காரிலிருந்து இறங்கி, கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"விடுடி. எனக்குக் குடுத்துவைக்கல. தலையெழுத்து அப்படி."

தலையெழுத்தாம்! அந்தத் தலையெழுத்து யார் பையில் கிடக்கிறது என்று இஷ்பெலுக்குத்தானே தெரியும். அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஒரு தட்டுக்குப் பயந்து ஒருத்தியின் எதிர்காலத்தில் மண்ணைப் போடுவதா?

பானெட் மறைவில் ரோட்டாரை அதன் இடத்தில் அழுத்தி, மூடியை மாட்டினாள். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தாள். என்ஜின் உறுமியது.

"புடிச்சிட்டேன்க்கா! ஏறு, ஏறு!"

"ஓடுதா?" ரோனா நம்ப முடியாமல் கேட்டாள்.

"ஓடுதாவா? பறக்கும் பாரு!"

பறந்தது. பண்ணை வாசல் கேட் வரைக்கும். அங்கே, குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்து முடித்ததுபோல் இரண்டு முறை இருமிவிட்டு, அடங்கிப்போனது.

இஷ்பெலுக்கு அழுகையே வந்துவிட்டது. தான் செய்த பாவத்துக்குக் கடவுள் அக்காவையா தண்டிக்க வேண்டும்? சாவியைத் திருப்பிக் காது கொடுத்தாள். டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும் பெட்ரோல் பம்ப் வாயே திறக்கவில்லை.

இறங்கி பானெட்டைத் தூக்கி, ஷூவைக் கழற்றிப் பம்பின் மேல் ஒரு போடு போட்டாள். ம்ஹும். குனிந்து பார்த்தால், பம்பின் வயர் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் குழியில் விழுந்து கழன்றதோ! அதை மாட்டி முறுக்கினாள். டிக் டிக் டிக். அடுத்த இழுப்பில் என்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"அக்கா, காலைல கார் தானா நிக்கல. ரோட்டாரை எடுத்து ஒளிச்சு வச்சது நான்தான். நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு பயந்துட்டேன். உன்னைப் போ போன்னு வெரட்டிட்டு, நானே குழி பறிச்சிட்டேன்க்கா."

ரோனா கீழே இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்களில் நீர் முட்டியது.

"திட்டு. ரெண்டு அறை வேணும்னாலும் அறைஞ்சுக்கோ. ஆனா இப்ப ஏறுக்கா! பதினெட்டு மைல்தான், இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. வண்டி நிச்சயமாப் போயிரும்."

ரோனா ஏறவில்லை.

"அந்த வயரை நேத்து ராத்திரி கழட்டினது நான்டி."