எலுமிச்சைச் சக்கரம்

குப்பைமேட்டில் மூன்று மாதம் பொறுக்கியே மூஞ்சூறு ஒரு கார் கட்டிவிட்டது. உடம்புக்கு மீன் டின், ஸ்டியரிங்குக்குச் சோடா மூடி, சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம். சல்லிக்காசு செலவில்லை. சரிவில் உருட்டிவிட வேண்டியதுதான் பாக்கி.

அணில் குறுக்கே வந்து நின்றது. "ஏம்ப்பா, புது வண்டியை எலுமிச்சம்பழம் நசுக்காமலா எடுப்பே? ஊர்க்கண்ணு பொல்லாதது."

மூஞ்சூறுக்குப் பகீரென்றது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வண்டியாயிற்றே! வேறு பழம் வாங்கக் கையில் காசு ஏது? சட்டென்று நாலு சக்கரத்தையும் கழற்றி வண்டிக்கு அடியில் வைத்தது. வண்டிக்குள் ஏறிக் குதி குதியென்று குதித்தது. நாலும் சப்பென்று நசுங்கிச் சாறு தெறித்தது.

மூஞ்சூறு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்தது.

"இனிமே இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."