வெளியே கேட்காத கிட்டார்

“மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க விமல்ராஜ். உங்க கிட்டார் சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு கம்ப்ளெயிண்ட் வந்திருக்குது.”

ஹவுஸ் ஓனர் சக்கரவர்த்தி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் ஷூ மாட்டியிருந்த விமல்ராஜ் அப்படியே நின்றுவிட்டான்.

என்ன சத்தம், யாருக்குத் தொந்தரவு என்று கேட்டான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரம்பித்தால் டிக்கு டிக்கென்று கம்பியைத் தட்டுகிற சத்தமாம். கூடவே தரையில் கால் தட்டுகிற சத்தமாம். சொன்னது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பேரை வெளியே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

கெஞ்சிப் பார்த்தான். பலனில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே இருப்பதால் வேங்கிக்காலில் ஒரு வீடு காலியானால் மறுநாளே ஆள் வந்துவிடும். அவருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டமெல்லாம் விமல்ராஜுக்குத்தான். இந்த மாடி வீட்டின் பின்னறையில்தான் அவன் கிட்டார் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தான். ஒரு குறும்படத்துக்கு இசை கேட்டிருந்தார்கள். முதல் வாய்ப்பு, பாதிதான் முடிந்திருந்தது. ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாதவனுக்கு அந்த அறையே ஸ்டுடியோ.

பஸ்ஸில் போகும்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. சத்தம் எப்படி வெளியே போகும்? அவனுடையது எலெக்ட்ரிக் கிட்டார், வீட்டில் ஸ்பீக்கரே கிடையாது. கிட்டார் வயரைக் கையகலப் பெட்டி ஒன்றில் செருகி, அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஓசியில் கிடைத்த சாஃப்ட்வேரில் பதிவு செய்வான். ஹெட்போனுக்குள் இடி இடிக்கும். அறைக் கதவைத் தாண்டி ஒன்றுமே கேட்காது.

அப்படியானால் இது சத்தம் கேட்டு வந்த புகார் இல்லை. அவனிடம் கிட்டார் இருப்பது தெரிந்த யாரோ செய்த வேலை. அதையும் அவன் போர்வையில் சுற்றித்தான் மாடிக்கு ஏற்றியிருந்தான். குடும்பஸ்தனுக்கு இதெல்லாம் எதற்கு என்று தெரு சிரிக்குமே என்ற பயம். தெருவில் விஷயம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணினான். முதல் விரலிலேயே எண்ணிக்கை முடிந்துவிட்டது.

கீழ்வீட்டு சல்மான்.

டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிடித்து, தூசி தட்டி, ஓடவைத்துக் கொடுத்தவனே அவன்தான். முதல் பதிவை ஹெட்போனில் கேட்டுவிட்டு விமல்ராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டவன். ஆனால் தன் தங்கை பிர்தௌஸ் குடும்பத்துக்கு இதே தெருவில் வீடு தேடிக்கொண்டிருந்தவனும் அவன்தான். இது இப்போதுதான் விமல்ராஜுக்கு உறைத்தது.

சாயந்திரம் நேராகக் கீழ்வீட்டுக்குப் போனான்.

“மாடி வேணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே சல்மான். நானே உட்டுக் குடுத்திருப்பேன்.”

“இன்னா மச்சான் சொல்ற? எனக்கு ஒண்ணுமே புரியல.”

“போதும்டா. இனிமே என்னை மச்சான்னு கூப்பிடாத.”

தாய்மேல் ஆணையாகத் தனக்கு எதுவும் தெரியாது என்றான் சல்மான். விமல்ராஜ் காதில் வாங்காமல் படியேறிவிட்டான். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே. ஊரான் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பான். இவனை மறக்க முடியாது.

ஊருக்குள் கிடைத்த வீடுகளின் வாடகை எதுவும் கட்டுப்படியாகவில்லை. விமல்ராஜ் கிட்டாரைத் தொடுவதையே விட்டான். வாசிக்க உட்கார்ந்தால் சல்மான் முகம்தான் முன்னால் வந்தது. குறும்படக்காரர்களுக்குப் போன் போட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

மனைவி அருணாதேவிதான் அவனைத் தேற்றினாள். கீழ்பென்னாத்தூரில் தன் அம்மா வீட்டிலேயே கொஞ்ச நாள் இருந்துகொள்ளலாம் என்றாள். அங்கே இருப்பது ஒரே கூடம், மாமியாரும் மைத்துனனும் படுக்கிற இடம். கிட்டாரோடு அங்கே உட்கார முடியாது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இந்த நேரத்திலும் முகம் சுளிக்காமல் கூட நிற்க ஒருத்தி இருக்கிறாளே என்று அவனுக்குக் கண் கலங்கியது.

காலி செய்கிற அன்று வாசலில் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பாத்திர மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அருணாதேவி முன்சீட்டில் ஏறிவிட்டாள். கூப்பிடாமலே வந்த சல்மான், படியில் இருந்த மானிட்டரைத் தூக்கப்போனான். விமல்ராஜ் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

“உன் தங்கச்சிய நல்லபடியா குடி வை. எங்க மூஞ்சியில இனிமே முழிக்காத.”

தெருவே பார்த்தது. சல்மான் திரும்பி நடந்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாவி வாங்க நின்றிருந்த சக்கரவர்த்திக்கு அதைப் பார்த்துத் தாங்கவில்லை. விமல்ராஜின் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனார். வண்டியின் முன்சீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பையன் மேல ஏங்க பழி போடுறீங்க? வேலை முடிஞ்சு வந்தா கிட்டாரோடவே கிடக்கிறாரு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு எங்கிட்ட வந்து அழுதது உங்க வீட்டம்மா.”