முப்பத்தேழு டிகிரி

நட்சத்திரப் படங்களில் விழும் வேண்டாத புள்ளிகளை நீக்க, லென்ஸை மூடிவிட்டு, இரவில் படமெடுத்த அதே குளிரில் வெறும் இருட்டையும் சில படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பகலில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? நட்சத்திரப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்த பல் டாக்டர், கேமராவைத் தானாகவே படமெடுக்கும்படி அமைத்து, பால் பாக்கெட்டுகளை ஒதுக்கி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.

சாயங்காலம் கணினியில் பார்த்தார். எல்லாப் படங்களும் கன்னங்கரேல் என்றுதான் இருந்தன. ஒவ்வொன்றிலும் கேமராவின் சூடு ஐந்து டிகிரி என்று பதிவாகியிருந்தது. நடுவில் ஒன்றில் மட்டும் முப்பத்தேழு, காய்ச்சல் இல்லாத மனித உடம்பின் சூடு. அடுத்ததில் மறுபடி ஐந்து.

"நடுவுல வெளிய எடுத்தியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அதத் தொடணும்னு எனக்கென்ன வேண்டுதலா? சந்தேகம்னா நாளைக்கு இன்னொரு தடவை வைங்க. கதவு முன்னாடியே உக்காந்திருக்கேன்."

மறுநாள் இருவருமே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கதவை யாரும் திறக்கவில்லை. கடைசியில் கேமராவை எடுத்துப் பார்த்தபோது, நடுவில் ஒரு படம், அதே முப்பத்தேழு டிகிரி.

"ஏதோ மெஷின் கோளாறு," என்றார் டாக்டர். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இதத் தொட்டுப் பாருங்க," என்று மனைவி கேமராவின் வாரை நீட்டினாள்.

கேமரா ஐஸாகச் சில்லிட்டிருந்தது. வார் மட்டும், இப்போதுதான் யாரோ கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது.