கண்ணாடிக்குக் கீழே ஒரு கால்

கண்ணாடிக்குக் கீழே முதலில் ஒரு கால் தெரிந்தது. இடது கால். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

ஹாலிஸ் படகின் இயந்திரத்தை நிறுத்தினான். டொபேகோ தீவில் அப்படி ஒரு கால் ஒருவனுக்குத்தான் உண்டு. பன்னிரண்டு வயதில் இதே படகின் விசிறியில் சிக்கிப் போன விரல்கள் அவை. அன்று படகை ஓட்டியவன் ஹாலிஸ். விரல்களைப் பறிகொடுத்தவன் அவன் தம்பி ஆல்ஸ்டன்.

படகின் அடியில் பதித்திருந்த கண்ணாடியைச் சுற்றி எட்டு வெள்ளைக்காரர்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரை ஓட்டலின் விருந்தாளிகள், மீன் பார்க்க வந்தவர்கள். மதியம் அவர்களுக்கு வேறு ஏதோ கொண்டாட்டமாம். பத்து மணிப் படகை இன்றைக்கு எட்டு மணிக்கே கிளப்பச் சொல்லிவிட்டார்கள்.

கீழே ஆல்ஸ்டன் நீந்திக்கொண்டிருந்தான். வலது கையில் கத்தி. இடுப்பில் ஒரு சாக்குப்பை, கனமாகத் தொங்கியது. அவனைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகக் கிளிமீன்கள்.

ஹாலிஸின் மீன்கள்.

பவளம் வெளுத்துச் செத்து, மீன் அற்றுப்போன கடல் அது. இன்னொரு தடவை விருந்தாளிகள் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் உன் படகு வேண்டாம் என்று ஓட்டல் மேலாளர் இரண்டு மாதத்துக்கு முன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஆல்ஸ்டனின் மனைவி அதே ஓட்டலில்தான் துணி வெளுக்கிறாள். சேதி அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போயிருக்கும், கோழி அடித்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று ஹாலிஸ் வயிறெரிந்தான்.

ஆனால் அந்த வாரமே மீன்கள் வந்துவிட்டன. வேறு எந்தப் படகுக்கும் இல்லாத மீன், இந்த ஒரு பாறைக்கு மட்டும். ஹாலிஸ் ரொட்டியைப் பிய்த்து வீசுவான். ரொட்டிக்குத்தான் வருகின்றன என்று நம்பினான். மனிதன் தனக்குச் சாதகமானதை நம்புவதற்குக் காரணமா தேடுவான்?

அப்பா காலத்தில் ரொட்டி கிடையாது. அவர் ஆழத்தில் முங்கி, பந்துபோல் உருண்டு உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல்முள்ளிகளைப் பொறுக்கி வந்து, உடைத்துப் பாறையில் போடுவார். அந்த வாடைக்கு எங்கெங்கோ கிடக்கிற மீனெல்லாம் ஓடிவரும். முள் குத்தி உள்ளேயே ஒடிந்து, அவர் விரல்களில் எப்போதும் கரும்புள்ளிகள் இருக்கும். அந்தப் பாடெல்லாம் இப்போது யார் படுவது?

அப்பாவைப் புதைத்த அன்று, படகு மூத்தவனுக்கு என்று ஹாலிஸ் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில் ஊரே பார்க்க ஆல்ஸ்டன் கத்தினான்.

"நல்லா எடுத்துக்க அண்ணே! உன் படகுக்கு அடியில ஒரு மீனு தலைகாட்டுதான்னு நானும் பாக்குறேன்!"

மூன்று வருஷமாகப் பேச்சில்லை. இன்று கத்தியோடு வந்திருக்கிறான். அடிமடியிலேயே கைவைக்க வந்திருக்கிறான்.

ஹாலிஸ் சட்டையோடு குதித்தான்.

முதல் பிடியிலேயே தம்பியின் வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கி எறிந்தான். ஆல்ஸ்டன் பதறித் திரும்பினான். யாரென்று தெரிந்ததும் கையை ஆட்டி, இடுப்பிலிருந்த பையைக் காட்டினான். ஆனால் ஆட்டியது கத்தி பிடித்திருந்த கை. ஹாலிஸ் கத்தியைத்தான் பார்த்தான்.

அலகோடு சேர்த்துப் பிடித்தான். உள்ளங்கை பிளந்தது. வலிக்கவில்லை, அவ்வளவு ஆத்திரம். மற்றக் கையால் முகத்தில் குத்தினான். நீச்சல் முகமூடி நொறுங்கியது. கத்தி நழுவி மணலில் விழுந்த பிறகும் அவன் விடவில்லை. தம்பியின் கழுத்தைப் பிடித்துப் பின்தலையைப் பாறையில் மோதினான். மறுபடியும் மோதினான். செத்த பவளத்துக்கும் கூர்மை குறைவில்லை.

தலைமயிரை விடாமல் தம்பியைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டு, ஹாலிஸ் மட்டும் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினான். படகில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தச் சண்டையும் டிக்கெட்ல சேத்தியா?"

"சேத்திதான்யா! நல்லா பாருங்க!"

சொல்லிவிட்டு மறுபடி முங்கினான். கைக்கடியில் துடித்த உடம்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கட்டும் என்றுதான் அவனும் பிடித்திருந்தான்.

அப்போது பையின் கயிறு அவிழ்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு மீன்கூட வரவில்லை. கடல்முள்ளிகள் கொட்டின. பாதி உடைத்தவை, பாதி உடைக்காதவை.

ஹாலிஸ் தம்பியின் கையைப் பற்றி முகத்தருகே கொண்டுவந்தான். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை கரும்புள்ளிகள். ஆறிய புள்ளிகளும் இன்று காலைப் புள்ளிகளும். இரண்டு மாதப் புள்ளிகள்.

தண்ணீருக்கு அடியிலேயே அவன் அலறினான். வாய் நிறைய உப்பு புகுந்தது. தம்பியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மேலே கொண்டுவந்தான். ஆல்ஸ்டனின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாயிலிருந்து நுரையும் ரத்தமும் வழிந்தன.

"கை குடுங்கய்யா! என் தம்பிய்யா! தூக்குங்க!"

படகில் எட்டு முதுகுகள் தெரிந்தன. ஒருவரும் திரும்பவில்லை.

கண்ணாடிக்குக் கீழே அவ்வளவு மீன்கள் வந்திருந்தன.