முகம் வரைந்த கை

“முகங்கள் ஆரின்ரை கை? அதை முதல் சொல்லும்,” என்றார் கிறிஸ்துநாயகம், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே.

கிளடிஸ் ஸ்வெற்றரின் கையை இன்னும் ஓர் அங்குலம் கீழே இழுத்துவிட்டாள். உள்ளே மணிக்கட்டில் கட்டு. போன கிழமை வீட்டு வாசலில் ஐஸில் வழுக்கி விழுந்ததை, அவள் இருக்கும் ரூஜ் பகுதிச் சனம் முழுவதற்கும் மறைத்துவிட்டாள். இந்த மனிதரிடம் மறைப்பதுதான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

“கீழ வாங்கோ அண்ணை. நீங்களே பாருங்கோவன்.”

கிறிஸ்துநாயகம் ஓய்வு பெறும்வரை டவுன்ரவுனில் ஒரு மியூசியத்தில் காவலாளி. இருபத்திரண்டு வருடம், ஒரே அறை, ஒரே படம். அறுநூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினில் கத்தலோனியா என்ற பக்கத்தில் ஒரு குடும்பமே சேர்ந்து பலகையில் தீட்டிய புனித ஜோர்ஜ். குதிரையில் புனிதர், காலடியில் சிறகு முளைத்த டிராகன், ஓரத்தில் கைகூப்பி நிற்கும் இளவரசி, பின்னால் முழுக்கப் பொன். பார்க்க வந்தவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போனார்கள். இவர் வேலைநேரம் முழுக்கப் பார்த்தார்.

அந்தப் படம் தனக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் கிளடிஸ் வீட்டாரிடம் வந்திருந்தார். சும்மா வரவில்லை, ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து ஓவியக் குடும்பங்கள் எழுதிக் கொடுத்தது போலவே அதில் ஒரு நிபந்தனை: வீட்டில் யார் எந்த வேலையைச் செய்தாலும் சரி, முகங்களை மட்டும் தலைமைக் கைதான் வரைய வேண்டும். கிளடிஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். விழுவோம் என்று அப்போது யார் கண்டது?

அவள் வீட்டிலும் வேலை அப்படித்தான் நடக்கும். மகன் றூபன் அளந்து வெட்டி, அடுக்கி, வெள்ளைப் பூச்சை மூன்று தரம் பூசி, ஒவ்வொரு தரமும் காயவிட்டு மினுக்குவான். மருமகள் நதீஷா நிறம் தீட்டுவாள். பொன்தாளும் முகங்களும் கிளடிஸின் பொறுப்பு. இந்த முறை வலது கை தூரிகையைப் பிடிக்கவே மாட்டேன் என்றுவிட்டது. அதனால் முகங்களும் நதீஷாவே.

“வேற கை பட்டிருந்தா எனக்கு வேண்டாம், சொல்லிப்போட்டன்,” என்றார் கிறிஸ்துநாயகம், பேஸ்மென்ற் படியில் இறங்கிக்கொண்டே.

கிளடிஸ் மணிக்கூட்டைப் பார்த்தாள். பின்னேரம் ஆறு மணிக்கு இது மண்டபத்தில் நிற்க வேண்டும். இவர் வேண்டாம் என்றால் பதினெட்டு வருடமாகக் கட்டிக் காத்த மானம் ஒரே நாளில் கப்பலேறிவிடும்.

நீள மேசையில் படம் கிடந்தது. கிறிஸ்துநாயகம் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

“தொடாதைங்கோ அங்கிள்!” நதீஷா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

“ஆருக்குப் பிள்ளை சொல்லுறீர்?” அவர் கடகடவென்று சிரித்தார். “நான் அதைச் சொல்லித்தானே பென்ஷன் எடுக்கிறன். சரி, முட்டை போட்டதுதானே?”

“முட்டை இல்லாமல் என்னண்டு அண்ணை?”

“அதுதானே. அந்தக் காலத்து ஓவியக்காரரும் நிறத்தை முட்டையிலதான் குழைச்சவை.”

வெள்ளையை மேடாக எழுப்பி, அதன்மேல் பொன்தாள் ஒட்டிய ஒளிவட்டத்தைப் பார்த்தார். “அச்சொட்டு கத்தலோனியா!” என்று தலையாட்டினார். குதிரை சரி. டிராகன் மிகவும் சரி. பூதக்கண்ணாடி இளவரசியின் முகத்துக்கு வந்ததும் நின்றது. நின்றது நின்றதுதான். றூபன் சீலிங்கைப் பார்க்கத் தொடங்கினான்.

“இது என்ரை செரீனா எல்லோ!” என்றார் கிறிஸ்துநாயகம். செரீனா அவருடைய ஒரே மகள். “நாடியில மச்சம்கூட இருக்கு. கிளடிஸ், உம்மை எனக்கு எத்தினை வருசமாத் தெரியும்? உமக்கு உப்பிடி முகம் வராது. உண்மையைச் சொல்லும்.”

கிளடிஸ் கையை உயர்த்திக் கட்டைக் காட்டினாள்.

“பொய் சொல்ல மாட்டன் அண்ணை. விழுந்திட்டன். முகம் எல்லாம் இவள் நதீஷாதான். வேண்டாம் எண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ.”

கிறிஸ்துநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். ஒருமுறை வாசித்தார். பிறகு பேனையை நதீஷாவிடம் நீட்டினார்.

“மாமியின்ரை கையெழுத்துக்குக் கீழ நீரும் ஒண்டு போடும். அந்தக் காலத்திலயும் மருமகள்மார் இருந்திருப்பினம். ஒருத்தரும் அதை எழுதி வைக்கேல்லை, அவ்வளவுதான்.”

கிளடிஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நதீஷா கையெழுத்துப் போட்டாள், கொஞ்சம் பெரிதாகவே.

வான் வண்டியில் ஹீற்றரை நிறுத்திவிட்டு, குளிரில் பல் கிடுகிடுக்க, மார்க்கம் என்ற ஊரிலிருந்த மண்டபத்துக்கு ஊர்ந்து போனார்கள். நாலு பேர் பிடித்துப் படத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். சனம் ஃபோனும் கையுமாகச் சூழ்ந்துகொண்டது. கிறிஸ்துநாயகம் புதுக் கோட்டோடு முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டி, காலை அகட்டி, பழைய காவலாளியாகவே மாறிவிட்டார்.

“கிட்ட வராதைங்கோ! ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது! தம்பி, உமக்குத்தான் சொல்லுறன்!”

ஃபாதர் வந்து ஆசீர்வதித்து முடித்தார். கிறிஸ்துநாயகம் ஒதுங்கி வழிவிட்டார். நீள வெள்ளை உடுப்பில் செரீனாவும், பக்கத்தில் மாப்பிள்ளை மாக்கஸும் வந்து, ஒரு கத்தியை இருவருமாகச் சேர்த்துப் பிடித்து, டிராகனின் வாலை ஒரே வெட்டாக வெட்டினார்கள்.

“கேக் திறம், கிளடிஸ்!” என்றார் கிறிஸ்துநாயகம், மகள் ஊட்டிய துண்டை மென்றபடி. “வால் பக்கம்தான் பிளம்ஸ் கொஞ்சம் காணாது.”