சொன்ன பேர்

ரயில் ஸ்ரேசனுக்குள் கால் வைத்ததும் லூசியா மச்சாள் தலையில் முக்காட்டைப் போட்டா.

“மச்சாள், இது கோயில் இல்லை.”

“தெரியுமடி. எண்டாலும் வெறுந்தலையோடை நிக்கக் கூச்சமாக் கிடக்கு.”

டிலோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் குரல் தானாகத் தணிந்துபோயிருந்தது.

சண்டைக் காலத்தில் கூரை போய், உடைமரம் முளைத்துக் கிடந்த தலைமன்னார் ஸ்ரேசன் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். இப்போது அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற கூரை. முகம் தெரிகிற நிலம். அதற்கப்பால், பார்வை எட்டும் மட்டும் ஓடுகிற இரண்டு தண்டவாளம். மற்றப் பக்கம் கடல். இந்தியாவுக்குக் கப்பல் ஏறின சனமெல்லாம் ஒருகாலம் இங்கேதான் வந்து இறங்கினதாம்.

இடுப்பில் இருந்த எட்டு மாதப் பிள்ளை றொஷான்கூட அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தான்.

அவனுக்கு நெஞ்சில் ஓட்டை. நாளைக்குக் கொழும்பில் காட்ட வேண்டும். புருசன் கட்டாரில். பிறந்ததுக்கு டிலோஜினி ரயில் ஏறினதில்லை. ஒருக்கால் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பயம் தெளியும் என்றுதான், புருசனின் தமக்கை லூசியாவையும் இழுத்துக்கொண்டு தோட்டவெளியிலிருந்து பஸ் ஏறினாள்.

“நங்கி, டிக்கட்?”

சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்ட குரலுக்குத் திடுக்கிட்டுத் திரும்பினாள். வெள்ளை உடுப்பு, தொப்பி. ஸ்ரேசன் மாஸ்டர்.

“பயணம் நாளைக்கு, ஐயா. இண்டைக்குச் சும்மா பாக்க வந்தனாங்கள்.”

“சும்மா பாக்கவா?” புருவத்தை உயர்த்தினார். பிறகு பிள்ளையின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். “பேபிக்குச் சுகம் இல்லையா?”

“நெஞ்சில ஓட்டை, ஐயா.”

அவர் உள்ளே போய், பேனையும் ஒரு கொப்பியுமாக வந்தார்.

“பேர் என்ன?”

லூசியா மச்சாளின் நகம் டிலோஜினியின் முதுகில் அழுந்தியது. “சொந்தப் பேரைச் சொல்லிப்போடாதை!” காதுக்குள் மூச்சுத்தான் வந்தது.

“ஜெனுஷா,” என்றாள் டிலோஜினி. கொன்வென்ரில் அவளோடு படித்தவளின் பேர்.

“ஊர்?”

“வங்காலை.”

எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டாள்: “ஏன் மச்சாள் அப்பிடிச் சொல்ல வைச்சனீங்கள்?”

“அரசாங்க உடுப்புப் போட்டவன் பேர் எழுதினால் என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியாது. எங்கடை பெரியண்ணன்ரை பேரையும் ஒருநாள் ஆமிக்காரங்கள் கொப்பியிலைதான் எழுதினவங்கள்.”

அந்தப் பெரியண்ணன் வீட்டுச் சுவரில் படமாகத்தான் இருக்கிறார்.

அடுத்த நாள் விடியச் சரியான சனம். விடுமுறை முடிந்து எல்லாரும் கொழும்புக்குத் திரும்புகிறார்கள். இருவரும் பஸ்ஸால் இறங்கி, டிக்கட்டை வாங்கிக்கொண்டு ஓடிவரவே ஸ்பீக்கர் கரகரத்தது.

“ஜெனுஷா... வங்காலை ஜெனுஷா... சீக்கிரம் வாங்க.”

டிலோஜினி வந்த வழிக்கே திரும்பினாள்.

“சொன்னன் பாத்தியே! தேடுறாங்கள்!” மச்சாள் தன் முக்காட்டை இழுத்து அவள் தலையில் போட்டு, கடைசிப் பெட்டிக்குள் தள்ளினா.

ஸ்பீக்கர் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டது. ஒவ்வொரு தரமும் டிலோஜினி, “மாதாவே!” என்று பிள்ளையை நெஞ்சோடு அமத்தினாள்.

நிற்கவும் இடமில்லை. ஒவ்வொரு பெட்டியாக நெரிந்து நெரிந்து முன்னுக்குப் போனார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

முன்பெட்டியில், யன்னல் ஓரத்தில், ஒரு சீற் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுற்றிவரச் சனம் நின்றதே தவிர, ஒருவரும் இருக்கவில்லை.

“பார் அநியாயத்தை!” மச்சாள் கொதித்தா. “ஆரோ பெரியாளின்ரை பெண்சாதிக்குப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். வருத்தக்காரப் பிள்ளையோடை நாங்கள் நிக்கிறம், வெறும் சீற்றுக்குக் காவல்!”

“மனச்சாட்சி இல்லாததுகள்,” என்றாள் டிலோஜினி. பயமெல்லாம் கோபமாக வந்தது.

எதிர்ச் சீற்றில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்தா.

“ஏசாதீங்க மகள். ஸ்ரேசன் மாஸ்டர் இருட்டோட வந்து ஒட்டினவரு. நான் இருக்கப் போனேன், என்னையும் எழுப்பிட்டாரு. என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுப் பாருங்க.”

டிலோஜினி குனிந்தாள். முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதினது போலக் கோணல்மாணலான தமிழ் எழுத்து.

‘ஜெனுஷா. வங்காலை. பிள்ளைக்கு நெஞ்சு சுகம் இல்லை. தயவு செய்து வேறு ஆள் இருக்க வேண்டாம்.’

லூசியா மச்சாளும் வாசித்தா. ஏசத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“நீங்களா அது?” என்று அந்த அம்மா கேட்டா.

டிலோஜினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சீற்றில் இருந்தாள்.

ரயில் அசைந்தது. யன்னலுக்கு வெளியே பச்சைக்கொடி. கொடிக்குப் பின்னால் அந்த வெள்ளை உடுப்பு. அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“ஆ, நங்கி! எவ்வளவு நேரம் கூப்பிட்டது!”

டிலோஜினி முக்காட்டை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

“ஐயா! என்ரை பேர் டிலோஜினி! டிலோஜினி, ஐயா!”

ரயில் கூவியது. அவருக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கை காட்டிக்கொண்டே கூட ஓடி வந்தார்.

“பயப்படாம போய்ட்டு வாங்க, ஜெனுஷா!”