தளும்பும் கிண்ணம்

"மறுபடியும் சிந்திட்டியா? கையில சொரணையே இல்லையாடி உனக்கு?"

மாமியார் சனோபர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட, முனிசாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இரண்டு மாதக் குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள் ஒன்பது பேர். காலையிலிருந்து எழுந்திருக்கிற வழியாக இல்லை. மருமகள்தான் நின்றுகொண்டே டீ ஊற்ற வேண்டும். அதுவும் கால் கிண்ணம், அரைக் கிண்ணமாக. காலியானதும் மறுபடி.

கெட்டிலைத் தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுண்டி இழுத்தது.

"தசைநார் வீங்கியிருக்கு. ஓயாம பிள்ளையைத் தூக்கினா வர்றதுதான். ரெண்டு வாரம் கைக்கு வேலை குடுக்காதே" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். சொல்வது சுலபம்! வலி என்றால் சோம்பேறிப் பட்டம் கட்டுகிற வாயாயிற்றே மாமியாருக்கு. முனிசா மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

உள்ளே குழந்தை வேறு சிணுங்க ஆரம்பித்தது.

"அது அழட்டும். இன்னொரு வாய் ஊத்தும்மா" என்று கிண்ணத்தை நீட்டினாள் மாமனாரின் அக்கா மஸ்துரா. "மணி மூணுதானே? புலாவ் சாப்பிட்டுட்டே போறோம்."

முனிசா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். கெட்டில் ஆடியது.

"குடு இப்படி! டீ ஊத்தக்கூட வக்கில்லாததெல்லாம் எனக்கு மருமகளா வந்து வாய்ச்சிருக்கு!"

சனோபர் கெட்டிலைப் பிடுங்கினாள்.

சனோபர் மஸ்துராவின் கிண்ணத்தில் ஊற்றினாள். பாதியில் நிறுத்தவில்லை. தளும்பத் தளும்ப ஊற்றினாள். அடுத்த கிண்ணத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கிண்ணம் நிரம்பினால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். மார்கிலான் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மஸ்துராவின் முகம் கறுத்தது. "ஏன் சனோபர், கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது அண்ணி. ஆறிடப் போகுது, குடிங்க."

கால் மணி நேரத்தில் வீடு காலி.

முனிசா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "என்ன அத்தை இப்படிப் பண்ணிட்டீங்க! ஊரே உங்களைப் பேசுமே!"

"நீ தளும்ப ஊத்தியிருந்தா உன்னைப் பேசும். அதான் பிடுங்கினேன்." சனோபர் அவள் சட்டைக் கையை மெல்ல மேலே தள்ளி, துணிக்கட்டைப் பார்த்தாள். "போய்ப் படு. பிள்ளையை நான் தூக்கிக்கிறேன். என் வாய் பொல்லாததுன்னு ஊருக்கே தெரியும்; உன் கை வலிக்கறது எனக்கு மட்டும்தானே தெரியும்?"